பெரிய வண்டியும் பதறாத மனமும்
ஹெவி லைசென்ஸுக்குத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு பாடம்



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் தொழிற்பேட்டைகளுக்கு இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் சிறிது நேரம் நின்று பார்த்தாலே இந்தத் தொழிலின் அளவு புரியும். சிட்லபாக்கம், செம்பாக்கம், குரோம்பேட்டைப் பகுதிகளில் நம் பிள்ளைகள் பலர் காரும் சிறிய சரக்கு வண்டியும் ஓட்டிச் சம்பாதிக்கிறார்கள். "ஹெவி எடுத்தால் என்ன?" என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வருகிறது. ஒன்று, "அவ்வளவு பெரிய வண்டியா? பயமா இருக்கு." மற்றொன்று, "காசு கொடுத்தா வேலை முடிஞ்சிடும் பாய்." இந்தப் பாடம் இரண்டு பேருக்குமே உரியது.

1. பயம் வருவது ஈமானின் குறைவா?

இல்லை. மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைத் தாஹா அத்தியாயத்தில் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஃபிர்அவ்னிடம் அனுப்புவதற்கு முன்பே, துவா பள்ளத்தாக்கில் கைத்தடியைக் கீழே போடும்படி அல்லாஹ் அவர்களுக்குக் கட்டளையிட்டான். அது பாம்பாக நெளிந்தது. அஞ்சாமல் அதைப் பிடிக்கும்படியும் சொன்னான். யாரும் பார்க்காத இடத்தில் நடந்த பயிற்சி அது. அதன் பிறகு மூஸா (அலை) அவர்கள் தம் நெஞ்சை விரிவாக்கும்படியும் காரியத்தை எளிதாக்கும்படியும் துஆ செய்தார்கள். தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, சூனியக்காரர்கள் முன்னால் நின்றபோது அவர்கள் மனதில் மீண்டும் அச்சம் எழுந்தது என்று குர்ஆன் மறைக்காமல் சொல்கிறது. ஆனாலும் கட்டளைப்படி தடியைப் போட்டார்கள். நமக்கு இதில் மூன்று படிப்பினைகள்: தேர்வுக்கு முன் பயிற்சி வேண்டும், துஆவும் துணையும் வேண்டும், பயம் முழுவதும் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பயத்தோடேயே செய்ய வேண்டியதைச் செய்யலாம்.

2. சட்டம் என்ன கேட்கிறது?

பாதிக் கலக்கம் விவரம் தெரியாததால் வருவது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்துக் குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்றிருந்த விதியை 2019-ல் நீக்கிவிட்டார்கள். படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைக்கும் இப்போது வழி உண்டு. மருத்துவச் சான்றிதழ் தேவை. கண் பார்வையை முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி தரும் ஐந்தாம் எண் படிவச் சான்றும் வேண்டும். பெரிய வண்டிகளுக்கான பயிற்சி 30 நாளுக்குக் குறையாமலும், அதில் வண்டி ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 15 மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கொடுத்த பணம் அதற்காகத்தான்.

3. வண்டியைப் புரிந்துகொண்டால் பயம் குறையும்

காரில் பழகிய கைக்கு லாரி முதலில் அடங்காததுபோல் தோன்றும். காரணம் உங்களிடம் இல்லை. வண்டியின் இயல்பே வேறு.

ஏர் பிரேக்: எஞ்சினை ஓடவிட்டு மீட்டரில் காற்றழுத்தம் போதிய அளவு ஏறிய பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். அந்தச் சில நிமிடங்களைக் கண்ணாடிகளைச் சரிசெய்யவும் "பிஸ்மில்லாஹ்" சொல்லி மூச்சை நிதானப்படுத்தவும் பயன்படுத்துங்கள். பிரேக்கைத் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப மிதித்தால் காற்று இறங்கிவிடும்.

திருப்பம்: முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் காரைவிடச் சற்று முன்னே போய்த் திருப்ப வேண்டும். திரும்பி முடியும்வரை உள்பக்கக் கண்ணாடியில் கண் இருக்கட்டும். இடப்பக்கம் ஒட்டி வரும் இருசக்கர வாகனம் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பதை மறக்காதீர்கள்.

ரிவர்ஸ்: பெரும்பாலோர் பதறுவது இங்கேதான். மெதுவாக எடுங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள், இறங்கிப் பாருங்கள். பின்னால் நின்று சொல்பவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் வண்டி ஓர் அங்குலமும் நகரக் கூடாது.

இறக்கம்: தர்மபுரி – சேலம் சாலையில் தொப்பூர் கணவாய் எத்தனை லாரிகளைக் கவிழ்த்திருக்கிறது என்று எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் சொல்வார். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறக்க வேண்டும்.

நாளுக்கு ஒன்றை எடுத்துப் பழகுங்கள். இரவில் படுக்கும் முன் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று எது சரியாக வந்தது, நாளை எதைத் திருத்த வேண்டும். பத்து நாள் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் உங்கள் முன்னேற்றம் உங்களுக்கே தெரியும். தன்னம்பிக்கை இப்படித்தான் சேர்கிறது.

4. தேர்வு நாளில்

முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். ஃபஜ்ரு தொழுது, இரண்டு ரக்அத் நஃபிலும் தொழுது, ஆவணங்களைச் சரிபார்த்துச் சீக்கிரமே கிளம்புங்கள். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தால் அந்தப் படபடப்பு ஸ்டியரிங்கிலும் தெரியும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது வேகத்தை அல்ல. கண்ணாடி பார்க்கிறீர்களா, சிக்னல் கொடுக்கிறீர்களா, கியர் ஒழுங்காக மாற்றுகிறீர்களா, மேட்டில் பின்வாங்காமல் எடுக்கிறீர்களா, ரிவர்ஸ் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதைத்தான். வண்டி நின்றுவிட்டால் அது பேரிடர் அல்ல. ஹேண்ட் பிரேக், நியூட்ரல், மறுபடி ஸ்டார்ட். நடந்த தவறை நினைத்துக்கொண்டே ஓட்டுவதுதான் அடுத்த தவறுக்குக் காரணமாகிறது.

5. தேறாவிட்டால்?

7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தேறாவிட்டால் 60 நாள் பொறுக்க வேண்டும். சட்டமே மறு வாய்ப்பு வைத்திருக்கும்போது, ஒரே தடவையில் "எனக்கு ராசி இல்லை" என்று நாமே கதவைச் சாத்திக்கொள்வது ஏன்? எதில் பிழை என்று பணிவாகக் கேட்டு, அதை மட்டும் அந்த வாரம் பழகுங்கள். ஸப்ர் என்றால் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பது அல்ல, சோர்ந்துபோகாமல் தொடர்வது.

கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி பேருந்து ஓட்டுநர் வேலை கேட்டபோது, ஒரு பெண்ணால் முடியுமா என்ற தயக்கம் அதிகாரிகளிடமே இருந்தது. அவர் விடவில்லை. சோதனைகளில் தேறி 1993-ல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநரானார். 2017-ல் ஓய்வு பெறும்வரை பேருந்து ஓட்டினார். அடுத்தவர் சந்தேகத்துக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை, ஓட்டிக் காட்டினார்.

6. குறுக்கு வழி வேண்டாம்

பணம் கொடுத்து லைசென்ஸ் வாங்கலாம். கைப்பழக்கத்தை வாங்க முடியாது. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். ஹலாலான ரிஸ்கைத் தேடும் பயணத்தின் முதல் அடியே ஹராமாக இருக்கலாமா? மேலும், லைசென்ஸ் ஓர் அமானிதம். பள்ளி விட்டு சைக்கிளில் வரும் பிள்ளை, சாலையைக் கடக்கும் மூதாட்டி எல்லாருடைய உயிரும் உங்கள் காலடியில் உள்ள பிரேக்கை நம்பியிருக்கிறது. பழகாமல் பெற்ற துணிச்சல் முதல் மழையிலேயே தெரிந்துவிடும்.

7. வீட்டாருக்கு

மூஸா (அலை) அவர்களே துணை கேட்டார்கள் என்றால் நம் பிள்ளைக்கும் துணை வேண்டும். தேறாமல் வரும் மகனிடம், "உங்க மாமா பையன் ஒரே தடவையில பாஸ் ஆனானே" என்று ஒப்பிடாதீர்கள். "இன்னைக்கு எது சரியா வந்துச்சு?" என்று கேளுங்கள். பயிற்சி முடியும்வரை வருமானம் குறையும். அந்த ஒரு மாதத்தை வீடு சேர்ந்து தாங்கட்டும். தஹஜ்ஜுதில் அம்மா கேட்கும் துஆவை அவனிடம் சொல்லவும் செய்யுங்கள். அது அவனுக்குத் தெம்பு தரும்.

வீட்டில் கூடிப் பேச:

அ) மூஸா (அலை) அவர்களுக்குப் பயிற்சிக்குப் பிறகும் அச்சம் வந்ததிலிருந்து நாம் எதைக் கற்கிறோம்?
ஆ) இந்த வாரம் நான் பழக வேண்டிய ஒரே ஒரு விஷயம் எது?
இ) தவக்குலுக்கும் தயாரிப்பின்றித் துணிவதற்கும் என்ன வேறுபாடு?
ஈ) நம் வீட்டில் யாராவது ஒரு தேர்வில் தேறாமல் வந்தால் நாம் முதலில் சொல்லும் வார்த்தை எது?

பயிற்சியில் இருக்கும் நம் பிள்ளைகளின் நெஞ்சை அல்லாஹ் விரிவாக்குவானாக. அவர்கள் கைகளால் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக. ஆமீன்.