கை பிடிக்கும் பொறி

விசயதசமியன்று ஏடு தொடக்குங் காட்சியை நாம் யாவரும் அறிவோம். ஆசிரியர் குழந்தையின் விரலைப் பற்றி அரிசியில் அகரம் எழுதுவிக்கின்றார். பாரிசவாதத்தால் கை தளர்ந்தவர்க்கு உதவும் றோபோப் பொறியும் இம்முறையையே கைக்கொள்ளுகின்றது.

பாரிசவாதத்திற் பழுதுறுவது கையன்று. அதனை ஏவும் மூளையின் ஒரு பகுதியாகும். ஓர் அசைவைப் பன்முறை முயன்று பயிலுங்கால், மூளையின் எஞ்சிய பகுதிகள் அத்தொழிலை ஓரளவு ஏற்கக் கற்கின்றன. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் அமைந்துள்ள ராகமையிலே புனர்வாழ்வு வைத்தியசாலையொன்று உண்டு. இத்தகைய இடங்களில் இயன்மருத்துவர் தம் கையாலே பயிற்சியளிப்பர். ஆயின், ஒருவர் ஒரு நாளில் எத்துணைக் கைகளை எத்துணை முறை அசைப்பித்தல் கூடும்?

இக்குறையை நிரப்பவே 1990களில் அமெரிக்க மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தாரின் ‘மானஸ்’ பொறி நோயாளரிடம் பரீட்சிக்கப்பட்டது. பின்னர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகமும் கூடிப் ‘புளூட்டோ’ என்னுங் கைப்பயிற்சிப் பொறியை ஆக்கின. நம் நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் கையிற் பூணும் பொறிகளை ஆராய்ந்துள்ளனர்.

சிறந்த பொறியிலுள்ள உணரிகள் நோயாளரின் முயற்சியை அளக்கின்றன. முயற்சி தளருமிடத்து மட்டும் மோட்டார் துணைசெய்கின்றது. வன்மை பெருகப் பெருக உதவி குறைகின்றது. முழுவதையும் பொறியே செய்யின் நோயாளர் வாளாவிருப்பர்; மூளை யாதுங் கல்லாது.

அசைவு மீளாதார்க்குச் சக்கர நாற்காலி முதலியன என்றும் துணைநிற்றல் வேண்டும். மீளக்கூடியார்க்கோ, பற்றவும் விடவும் அறிந்த கையே நற்றுணை. விரலை விடாத ஆசிரியரிடம் எக்குழந்தையும் எழுதக் கற்றதில்லை.