பாராமகாலில் படை அலுவலர் ஆட்சியும் பாசனமும்
(கி.பி. 1792 – 1799)

போர் வந்த நாட்டில் முதலில் கெடுவது பயிர்; அடுத்துக் கெடுவது ஏரி. பயிர் மறு மழையில் முளைத்துவிடும். உடைந்த கரையோ ஊர் கூடினாலன்றி எழாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரம் இந்நிலையில்தான் இருந்தது. அப்போது இங்கு ஆட்சி செய்தவர்கள் படை அலுவலர்கள். அவர்கள் உழவுக்கும் பாசனத்துக்கும் என்ன செய்தார்கள், எதைச் செய்யாது விட்டார்கள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பர்கூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், தருமபுரி ஆகிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட நிலப்பரப்பு அன்று பாராமகால் எனப்பட்டது. 'பாரா' என்பது பன்னிரண்டு. 'மகால்' என்பதை அரண்மனை என்றே பலரும் கொள்வர். இடம் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழிவந்த அது, வருவாய்ப் பிரிவு என்ற பொருளிலும் வழங்கியது. பன்னிரு மலைக்கோட்டைகளைச் சுட்டிய பெயர் இது என்பது மரபு. பர்கூருக்கு அருகிலுள்ள ஜெகதேவி அப்பன்னிரண்டனுள் ஒன்றாக எண்ணப்படுவது.

மூன்றாம் மைசூர்ப் போரில் இந்நிலம் இரு படைகளுக்கும் வழியாயிற்று. 1791 சூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் கும்பினியார் வசமாயின. அவ்வாண்டு நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கிய கும்பினிப் படையால் மலைக்கோட்டையைப் பிடிக்க இயலவில்லை. ஆனால் அடிவாரத்துப் பேட்டை எரிந்தது. 1792 மார்ச்சில் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார்; மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டமும் தர இசைந்தார். பாராமகாலும் சேலமும் கும்பினிக்குக் கிடைத்தன. ஓசூர்ப் பகுதி மட்டும் 1799 வரை மைசூரிடமே இருந்தது. ஆகவே இன்று நாம் பேருந்தில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் கிருஷ்ணகிரி – ஓசூர் வழியில் அன்று ஓர் எல்லை குறுக்கிட்டது என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

புதிதாகக் கிடைத்த நிலத்தை ஆளக் காரன்வாலிஸ் பிரபு சென்னையின் குடிமை அலுவலரை அனுப்பவில்லை. அவர்களுக்கு நாட்டு மொழி தெரியாது என்பது அவர் கருத்து. அலெக்சாந்தர் ரீடு என்ற படைத்தலைவரையே நியமித்தார். அவருக்கு உதவியாளராக வந்த மக்லியோடு, கிரகாம், தாமசு மன்றோ ஆகிய மூவரும் படை அலுவலர்களே. தென்பகுதி மக்லியோடிடமும் வடபகுதி கிரகாமிடமும் நடுப்பகுதி மன்றோவிடமும் ஒப்படைக்கப்பட்டன. ரீடு இதற்குமுன் ஆம்பூரில் இருந்துகொண்டு மைசூர் பற்றிய உளவுச் செய்திகளைத் திரட்டி வந்தவர். மன்றோ அங்கேயே அவருக்குத் துணையாயிருந்தவர். போர்க்காலத்தில் இலம்பாடிகளின் பொதிமாடுகளைக் கொண்டு படைக்குத் தானியம் சேர்த்ததும் ரீடுதான். எந்த ஊரில் எத்தனை ஏர், எவ்வளவு நெல் என்று படைக்காகக் கேட்டுப் பழகியவர், அதே கேள்வியை வரிக்காகவும் கேட்டார். இதனை நான் பழியாகக் கூறவில்லை. பிற்காலத்தார் பெரிதும் புகழ்ந்த இரயத்துவாரி முறையின் வேர் இங்கே உள்ளது என்பதற்காகவே சுட்டுகிறேன்.

1793-இல் தொடங்கி ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வயல்கள் அளக்கப்பட்டன. நன்செய், புன்செய், தோட்டம் எனப் பிரித்துத் தீர்வை குறிக்கப்பட்டது. இடைத்தரகரை விலக்கி உழவனிடமே கணக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் மெல்ல உருவாயிற்று. அக்காலத்து ஆவணங்களைச் சென்னை அரசு 1907 முதல் 'பாராமகால் ஆவணங்கள்' என்ற பெயரில் பகுதி பகுதியாக அச்சிட்டது. நம் வட்டார வரலாற்றை ஆராய விழையும் மாணவர் முதலில் திறக்க வேண்டிய ஏடுகள் அவை.

பாசனத்தைப் பொறுத்தவரை முதன்மையானது 1796 திசம்பர் 10-ஆம் நாள் ரீடு வெளியிட்ட அறிக்கையாகும். அதன் சாரம் வருமாறு: வயலுக்குக் குறித்த தீர்வை இனி உயராது. அரசு தன் செலவில் புன்செயை நன்செயாக்கினால் மட்டும் அதற்கேற்பத் தீர்வை கூடும். உழவன் தன் பொருளைச் செலவிட்டு அப்பணியைச் செய்தாலோ, தோப்பு வைத்தாலோ, பழைய தீர்வையைக் கட்டிவரும் வரை அதன் பயன் முழுதும் அவனுக்கே உரியது. கவலையேற்றி நீர் இறைத்துப் பயிர் செய்யும் நம் மேட்டு நிலத்தில் இச்சொல்லின் பெறுமதியை விளக்க வேண்டுவதில்லை. பாறையை உடைத்துக் கிணறு தோண்டுபவன், தண்ணீர் கண்டவுடன் வரி உயரும் என்று அஞ்சினால் கடப்பாரையையே எடுக்கமாட்டான்.

இனி எல்லைக்கு அப்பால் நோக்குவோம். தண்டப்பணம் கழுத்தை நெரித்த அதே ஆண்டுகளில், திப்பு சுல்தான் தம் தலைநகருக்கு மேற்கே காவிரியின் குறுக்கே ஓர் அணைக்கு அடிக்கல் நாட்டினார். அதைக் கூறும் பாரசீகக் கல்வெட்டு, பின்னர்க் கிருஷ்ணராஜ சாகர் அணை எழுப்பப்பட்டபோது கிடைத்தது. அவ்வணையின் வாயிலிலேயே வைக்கப்பட்டது. தொடக்கம் மட்டுமே தம்முடையது, நிறைவு இறைவன் கையில் என்ற பணிவோடு அது பேசுகிறது. அந்நீரால் புதுநிலம் திருத்துவோர் பிறர் செலுத்துவதில் முக்கால் பங்கு தந்தால் போதும், கால் பங்கு தள்ளுபடி. திருத்திய நிலம் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் என்றென்றும் உரியது என்பது அதன் உறுதிமொழி.

ஒருவரையொருவர் அழிக்கக் காத்திருந்த இரு ஆட்சிகள், ஒரு மலைத்தொடரின் இரு பக்கத்திலும், ஒரே பத்தாண்டில், உழவனிடம் ஏறக்குறைய ஒரே சொல்லைச் சொல்லியுள்ளன. ஒன்று கல்லில், மற்றொன்று தாளில். இரு தரப்புக்கும் அடுத்த போருக்குப் பணமும் தானியமும் வேண்டும், அவை விளைவிலிருந்தே வரும் என்பது வெளிப்படை. ஆயினும் தேவையால் பிறந்தது என்பதனாலேயே ஒரு நற்சொல் பொய்யாகிவிடாது என்பது என் கருத்து.

அதைப் பொய்யாக்கியது போர்தான். 1799 பிப்ரவரி இறுதியில் தளபதி ஆரிசின் படை காரிமங்கலத்தில் பாளையமிறங்கியது. மார்ச்சுத் தொடக்கத்தில் இராயக்கோட்டை வழியே மைசூருக்குள் நுழைந்தது. நில அளவையை நடத்திய ரீடு, பாராமகாலில் தானியமும் மாடும் திரட்டிக்கொண்டு மீண்டும் படைத்தலைவரானார். மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. சுல்தான் களத்தில் மாண்டார். காவிரி அணை எழவேயில்லை. அவ்விடத்தில் வேறோர் அணை எழ, 1911-இல் தொடங்கிய பணிக்காகக் காத்திருக்க நேர்ந்தது. ரீடும் போருக்குப் பின் நாட்டை விட்டுச் சென்றார். 1802 முதல் சேலம் சில்லாவின் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. உழவனுக்கும் அரசுக்கும் இடையே மிட்டாதார் வந்து நின்றார். 1796-ஆம் ஆண்டின் தாளை நம்பிக் கிணறு வெட்டியவன் யாரிடம் போய் முறையிடுவான்?

மன்றோ மட்டும் இப்பாடத்தை மறக்கவில்லை எனத் தோன்றுகிறது. பெல்லாரி, கடப்பைப் பகுதிகளில் பணியாற்றிய பின் 1807-இல் அவர் எழுதிய பரிந்துரையில், நிலத்தீர்வையை நூற்றுக்கு 25 குறைக்கவும், கிணற்றுப் பாசன நிலத்துக்கு, உழவனே கிணற்றைச் செப்பனிட்டு வருவானாயின், 33 குறைக்கவும் கேட்டார். சிறு ஏரிகளைத் தாமே பழுதுபார்க்க ஊரார் இசைந்தால் அவர்களுக்கும் இது பொருந்தும் என்றார். அன்று அது ஏற்கப்படவில்லை. 1820-இல் அவரே ஆளுநராக வந்த பின்னரே தீர்வைக் குறைப்பு கைகூடியது.

ஏரியைப் பற்றிய அச்சொற்றொடரே இவ்வாட்சியின் குறையையும் காட்டிவிடுகிறது. வயலுக்குப் பட்டாதாரர் உண்டு, கிணற்றுக்கும் உண்டு. கரைக்கும் மதகுக்கும் கலிங்குக்கும் வரத்துக்காலுக்கும் யார் பட்டாதாரர்? படை அலுவலர் நாட்டை வயல் வயலாக, ஆள் ஆளாக எண்ணினர். ஏரியோ எண்ணிக்கைக்குள் அடங்காத பொதுப்பொருள். அது ஊருக்கும் அரசுக்கும் நடுவில் விழுந்தது. 1852-இல் சென்னை மாகாணப் பொதுப்பணிகளை ஆராய அமைந்த குழு, பாசன ஏரிகளின் சீர்கேட்டை விரிவாகப் பதிந்தது. 1858-இல் குடிமராமத்துக்காகக் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 1876 – 78 பெரும்பஞ்சத்தில் மிகக் கொடிய அழிவைக் கண்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று.

தமிழ் பயில்வோர் இவ்விடத்தில் சொற்களையும் கவனிக்க வேண்டும். கிணற்றுக்கும் எருதுக்கும் விதைக்கும் அரசு முன்பணமாகத் தந்த கடன் தக்காவி. வலுவூட்டல் என்னும் அரபுச் சொல் அது. பசலி என்பது அறுவடைப் பருவம். பாக்கி என்பது எஞ்சி நிற்பது. மதரசாவில் ஓதிய மாணவருக்கு இச்சொல் வேறோர் உயர்ந்த இடத்திலும் அறிமுகமானதே. மராமத்து என்பதும் பழுதுபார்த்தலைக் குறிக்கும் அரபே. அதனோடு நம் 'குடி' சேர்ந்து குடிமராமத்து ஆயிற்று. வகுப்பில் இதைச் சொன்னபோது பர்கூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் தாத்தா இதைத் தூய தமிழ் என்றல்லவா நினைத்திருக்கிறார்!" என்றார். கரையில் மண் சுமந்தவர்கள் அவ்வாறு நினைத்ததில் தவறொன்றும் இல்லை.

2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஏரிகளைத் தூர்வாரும் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. சிப்காட் வளாகங்களும் கருங்கல் தொழிலும் துணிக்கடைகளும் பெருகிய இவ்வட்டாரத்தில், வரத்துக்கால் எங்கே ஓடியது என்று கேட்டால் விடை சொல்ல முதியவர் சிலரே இருக்கின்றனர். நம் துறை மாணவர் இவ்விடுமுறையில் தத்தம் ஊர் ஏரியின் மதகுகளுக்கும் கலிங்குக்கும் கால்வாய்க்கும் மக்கள் வழங்கும் பெயர்களை அம்முதியவரிடம் கேட்டு எழுதி வருவாராக. அடங்கலில் அப்பெயர்கள் இரா.