காது வலிக்கும் முன்

அன்புள்ள யாழினி,

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா கோர்ஸில் சேர்ந்துவிட்டேன் என்று நீ ஒரே ஒரு வரி அனுப்பினாய். அதைப் பற்றி உன் அம்மா போனில் பேசிப் பேசி மாய்ந்துபோனாள். சுறா வருமா, ஆக்சிஜன் தீர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரே கேள்வி. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை அக்கா, நாம் மூச்சு விடுகிற இதே காற்றைத்தான் அமுக்கி அடைத்திருக்கிறார்கள் என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு சுறாவைவிட உன் கூச்சம்தான் கவலை. வகுப்பில் புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு, ராத்திரி எனக்கு போன் போட்டுக் கேட்கிற ஆள் நீ. கடலுக்கடியில் அப்படித் தலையாட்ட முடியாது.

உன் கூச்சத்துக்கான சோதனை கரையிலேயே தொடங்கிவிடும். முதலில் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் அறுவை சிகிச்சை என்று கேள்விகள் இருக்கும். சிலவற்றுக்கு ‘ஆம்’ போட்டால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். அதற்குப் பயந்தே நிறையப் பேர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுகிறார்கள். உனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. மூச்சுக்குழாய் சுருங்கும் தன்மை இன்னும் மிச்சமிருந்தால், நுரையீரலின் ஏதோ ஒரு மூலையில் காற்று சிக்கிக்கொள்ளும். மேலே வரும்போது அது விரிந்து திசுவைக் கிழிக்கலாம். எனவே படிவத்தை இப்போதே கேட்டு வாங்கி, கிளம்பும் முன் மதுரையிலேயே நுரையீரல் டாக்டரிடம் காட்டு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். டைவ் அன்று காலை சளி பிடித்திருந்தாலும் சொல்லிவிடு. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதே. அதன் வேகம் கடலுக்கடியில் குறைந்தால், மேலே வரும்போது காதுக்குள் விரியும் காற்று வெளியே வர வழி இருக்காது.

சுற்றுலாப் பயணிகள் போகிற டைவைப் பார்த்திருப்பாய். பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்தபடி இன்ஸ்ட்ரக்டரே ஏற்றி இறக்கி, போட்டோவும் எடுத்துத் தருவார். உன் கோர்ஸ் அப்படியல்ல. நீச்சல்குளத்திலோ ஆழமில்லாத கடலிலோ பழகிவிட்டு, குறைந்தது 2 நாட்களில் 4 டைவ் செய்யவேண்டும். முதல் இரண்டும் 12 மீட்டருக்குள். சான்றிதழ் வாங்கிய பிறகும் 18 மீட்டர்தான் எல்லை. நீமோ ரீஃப் மாதிரி கரையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய இடத்தில் உன் முதல் டைவ் அமையலாம். உன்னைச் சுமக்க யாரும் வரமாட்டார்கள்.

இறங்குவதற்கு முன் உன் துணை டைவரோடு சேர்ந்து கருவிகளைச் சரிபார்ப்பீர்கள். அப்போது ரெகுலேட்டரில் மூச்சு இழுத்தபடியே சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் கீழே விழுந்து எழுந்தால், சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். எல்லாரும் தயாராக நிற்கிறார்களே என்று பார்க்காமல் அதை வாய்விட்டுச் சொல்.

இனி காதுக்கு வருகிறேன். முதல் டைவில் பெரும்பாலோரைப் படுத்துவது இதுதான். மேலே 1 பார் இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் 2 பார் ஆகிறது, அதாவது இரட்டிப்பு. 10லிருந்து 20க்குப் போனால் 3 பார், ஒன்றரை மடங்குதான். அதனால் ஆழத்தைவிட மேலே உள்ள சில மீட்டர்களில்தான் காது அதிகம் திண்டாடும். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்று சுருங்கி, செவிப்பறை உள்ளே இழுபடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால், தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து காற்று உள்ளே போகும். தலை தண்ணீருக்குள் போனதுமே ஒருமுறை செய். பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை, வலி தொடங்கும் முன்பே. வலித்த பிறகு ஊதினால் குழாயின் வாய் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பலமாக ஊதுபவர்கள்தான் காதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். திறக்கவில்லையா? உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து இரண்டு பக்கமும் ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டு. இன்ஸ்ட்ரக்டர் உன்னை ஒரு மீட்டர் மேலே கூட்டிப்போய் மறுபடி முயலச் சொல்வார். மற்றவர்கள் கீழே மணலில் மண்டியிட்டுக் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும். அதற்கும் சேர்த்துத்தான் அவர்கள் பணம் கட்டியிருக்கிறார்கள்.

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் நம் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிடு. அங்கே அதற்கு ‘மேலே போகலாம்’ என்று பொருள். எல்லாம் சரி என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். சரியாக இல்லாதபோது அந்த வட்டத்தைக் காட்டுவதுபோல மோசமான பொய் கடலில் வேறில்லை. இன்ஸ்ட்ரக்டர் அதை நம்பித்தான் அடுத்தவர் பக்கம் திரும்புகிறார்.

மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றும் பயிற்சியில் பாதிப் பேர் தடுமாறுவார்கள். கண் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியதும் மூக்கு தன்னையறியாமல் மூச்சை இழுக்கப் பார்க்கும். அதற்கு முன்பே வாயால் மட்டும் மூச்சு விடும் தாளத்தைப் பிடித்துக்கொள். தலையை லேசாக நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கு வழியாக நிதானமாக ஊது. தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக வெளியே போய்விடும். ஒரே மூச்சில் காலியாக வேண்டிய அவசியமில்லை. வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து, ஸ்நார்க்கலில் மூச்சு விட்டுப் பழகு. மூக்கு நனைந்தாலும் வாயால் மூச்சு விடலாம் என்று உடம்பு நம்பவேண்டும், அவ்வளவுதான்.

மூச்சைப் பிடித்துவைக்கக் கூடாது என்பதை நூறு தடவை கேட்பாய், நூற்றி ஒன்றாவதாக நானும் சொல்கிறேன். 10 மீட்டரில் இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் நிறைய காற்றை அடக்கிக்கொண்டு ஒன்றிரண்டு மீட்டர் ஏறினாலே ஆபத்து. ரெகுலேட்டர் வாயில் இல்லாதபோதுகூட சின்னச் சின்னக் குமிழிகளாக விட்டுக்கொண்டே இரு.

காற்றுக் கணக்கிலும் கூச்சம் வரும். வழக்கமான அலுமினியச் சிலிண்டர் 11 லிட்டர். 200 பாரில் சுமார் 2,200 லிட்டர் காற்று. 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரட்டிப்புக் காற்று செலவாகும். பதற்றத்தில் கை கால் அடிக்கிற புதியவர்களுக்குச் சீக்கிரமே தீரும். குழுவில் உன் கேஜின் முள்தான் முதலில் 100 பாருக்கு வரலாம். வந்ததும் காட்டு. 50 பார் மிச்சத்தோடு மேலே வந்துவிடவேண்டும் என்பது பொதுவான கணக்கு. முதலில் காட்டியவளை யாரும் கேலி செய்வதில்லை. அப்படிக் கேலி செய்கிற இடமாக இருந்தால் இடத்தை மாற்று.

மிதப்புக் கட்டுப்பாடு முதல் டைவில் வராது. மூச்சை இழுத்தால் ஏறுவாய், விட்டால் இறங்குவாய், ஆனால் ஒரு நொடி தாமதமாகத்தான். அந்தத் தாமதம் புரிவதற்குள் மணலில் நாலு தடவை மோதுவாய். பவளத்தில் மட்டும் மோதாதே. 2010 வெப்பத்தில் அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்துப்போயின. மிச்சமிருப்பவை நம் முழங்காலையும் தாங்கவேண்டுமா? மீனைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. கடல் சாமந்திக்குள் ஆரஞ்சு மீனைப் பார்த்ததும் காதையும் கேஜையும் மறந்துவிடுவாய் என்பதால்தான் மற்றதையெல்லாம் முதலிலேயே எழுதினேன்.

டைவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் டைவை நிறுத்தலாம். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. படகில் ஏறி உடை மாட்டி விளிம்பில் உட்கார்ந்த பிறகும் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று சொல்லலாம். வாத்தியார் சொன்னால் மறுபேச்சு பேசாதே என்று உன்னை வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி. இந்த நாலு டைவுக்கும் அதை மறந்துவிடு.

கடைசியாக டிக்கெட். சென்னைக்குத் திரும்பும் விமானத்தை, கடைசி டைவ் முடிகிற அன்று மாலைக்கே அப்பா போட்டிருப்பதாக அம்மா சொன்னாள். அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் குறைவு என்பதால் அது குமிழியாக மாறலாம். பல நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. மறுநாள் மாலைக்கு மாற்றச் சொல். அப்பாவிடம் கேட்கத் தயக்கமாக இருந்தாலும் நீயே கேள், நான் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
சித்தி