சூளைக்குப் பூட்டு இல்லை, மகளே



பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய நாவலின் முதல் அத்தியாயங்களைப் படித்து முடித்தேன். உன் பெரியம்மா எனக்கு முன்பே முடித்துவிட்டு, "பையன் லாரிக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற இடத்துல எனக்கே படபடன்னு வந்துருச்சு" என்றாள். கதையை ஓட்டிச் செல்லும் வேகம் உனக்கு இருக்கிறது. வாலிபப் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களுக்கு அது பாதி பலம். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் கறாராக எழுதினால் கோபித்துக்கொள்ளாதே.

உன் கதையில் சென்னைச் சபை வாலிபர்கள் நள்ளிரவில் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போகிறார்கள். ட்ரோன் பறக்கிறது. பூட்டை உடைக்கிறார்கள். அடிமைப்பட்ட குடும்பங்கள் வேனில் ஏறுகின்றன. கோட்டாட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து கொத்தடிமை விசாரணைகளுக்கு வாக்குமூலம் எழுதியவன் நான். அதனால் சொல்கிறேன்: பெரும்பாலான சூளைகளுக்குப் பூட்டே கிடையாது. நாலு பக்கமும் திறந்த வெளி. பஸ் போகிற ரோடு கண்ணுக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஏன் ஒருத்தரும் எழுந்து போகவில்லை? உன் வாசகன் முதல் அத்தியாயத்திலேயே இதைக் கேட்க வேண்டும். விடை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும்போது உனக்கு வேண்டிய திகில் தானாக வந்துவிடும், ட்ரோன் தேவைப்படாது.

எல்லாம் முன்பணத்தில் தொடங்குகிறது. பெண்ணுக்குச் சடங்கு, மனைவிக்குப் பிரசவம், வீட்டில் ஒரு சாவு. ஏதோ ஒன்றுக்கு இருபதாயிரமோ முப்பதாயிரமோ வாங்குகிறார்கள். கொடுப்பவர் வேலைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி, பல நேரம் அதே ஊர்க்காரர், "அண்ணே" என்று கூப்பிடுகிற உறவு. பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு கல் அறுக்க வருகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. வாரத்துக்கு ஒருமுறை சோற்றுச் செலவுக்குக் கையில் கொஞ்சம் காசு. அது கணக்கில் ஏறும். மழையில் பச்சைக்கல் கரைந்தால் அந்த நஷ்டமும் ஏறும். சீசன் முடிந்து நோட்டைப் பிரித்தால் வாங்கியதைவிடக் கடன் கூடி நிற்கும். புருஷன் ஊருக்குப் போய்வர வேண்டுமென்றால் பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயே இருக்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனால், ஊரில் இருக்கிற கிழவியின் குடிசை வாசலில் மறுநாள் மேஸ்திரி நிற்பார். சூளையானாலும் அரிசி ஆலையானாலும் மரம் வெட்டுகிற இடமானாலும் நம் வட மாவட்டங்களில் இப்படிச் சிக்கியவர்களில் இருளர் பழங்குடியினரே அதிகம். வேறு யாரும் அவர்களுக்குக் கடன் கொடுப்பதில்லை என்பது மேஸ்திரிக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நிலைமையில் உன் பையன்கள் பூட்டை உடைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? நாலு குடும்பம் வேனில் ஏறும். மற்றவர்கள் பயந்து ஏறமாட்டார்கள். விடிவதற்குள் முதலாளி அவர்களை லாரியில் வேறு சூளைக்கு மாற்றிவிடுவார். "சொந்த விருப்பத்தில்தான் வேலை செய்கிறோம்" என்று ஒரு தாளில் கைநாட்டும் வாங்கிவிடுவார். உன் பையன்கள் மேல் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு வரும்.

உண்மையான சாகசம் பகலில், ஃபேன் சத்தம் போடுகிற ஒரு அரசு அறையில் நடக்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாததாக்கிவிட்டது. "இது கொத்தடிமைக் கடன்" என்று தொழிலாளி சொல்லிவிட்டால், அப்படியில்லை என்று நிரூபிக்க வேண்டியது கொடுத்தவர் பாடு. ஆனால் தொழிலாளி அதைச் சொல்ல வேண்டும், மகளே. வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஒரு விசாரணையில் ஒரு பெண்ணிடம், "நினைச்சா சூளையிலேர்ந்து போக முடியுமா?" என்று கோட்டாட்சியர் கேட்டார். அந்தம்மா பதில் சொல்லாமல் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி அங்கே நின்றிருந்தார். அதிகாரி அவரை டீ குடிக்க வெளியே அனுப்பினார். அதற்குப் பிறகும் வெகுநேரம் பேச்சில்லை. கடைசியில், "எங்கம்மா செத்ததுக்குக்கூட விடல சார்" என்றார். எழுதிக்கொண்டேன். கையெழுத்து தெரியாது என்பதால் கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினால் ரேகை பதியவில்லை, வெறும் நீலத் திட்டுதான் விழுந்தது. மண்ணும் மணலும் தேய்த்துத் தேய்த்து விரல் வழுவழுவென்று ஆகியிருந்தது. மறுபடி துடைத்து மறுபடி வைத்தோம். உன் நாவலில் எந்தத் துரத்தலையும்விட நான் படிக்க விரும்புகிற அத்தியாயம் அதுதான்.

ஆகவே கதாநாயகனை மாற்று. சபைப் பையன்கள் இருக்கட்டும், நல்ல பிள்ளைகள். ஆனால் சூளைக்குள்ளிருந்து பட்டன் போனில் திருட்டுத்தனமாக முதல் அழைப்பைச் செய்தவன் யார்? சார்ஜ் எங்கே போட்டான்? அந்த போன் மேஸ்திரியின் கண்ணில் பட்டதா? அந்தப் பையனின் தலைக்குள் போய் உட்கார்ந்து எழுது. 2019 ஜூலையில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டபோது, ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் ஊரெல்லாம் சுற்றியது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள், எனக்கும்தான். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்துக் கதை எழுத உட்காராதே. சட்டப்படி தனக்குரியதை வாங்குகிறவர் யார் காலிலும் விழ வேண்டியதில்லை. நீ விரும்பிப் படித்த கார்பன் ஆடிசனின் 'எ வாக் அக்ராஸ் தி சன்' நாவலிலும் மீட்கிறவரையே கதாநாயகனாக்கும் சிக்கல் உண்டு. சுனாமியில் அநாதையான சோழமண்டலக் கரைப் பெண் பிள்ளைகளைப் பற்றிய கதையில், வாசகன் அமெரிக்க வக்கீலின் மனக்கஷ்டத்தோடு நிறைய நேரம் செலவிட வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம் மனதை உறுத்துகிறது. உன் சூளை முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு ஏன் வருகிறார்? வில்லன் என்றாலே வேற்று மதத்தவன் என்ற சோம்பேறித்தனம் நமக்கு வேண்டாம். அவர் நம் சபையின் முன்வரிசையில் உட்காரட்டும். புதிய ஆலயக் கட்டடத்துக்குச் செங்கல் காணிக்கை கொடுத்தவராக இருக்கட்டும். அப்போது உன் வாலிபர்களுக்கு உண்மையான ஆபத்து வரும்: போதகரே கூப்பிட்டு, "தம்பி, கொஞ்சம் பொறுமையா போகலாமே" என்பார். இது கற்பனையாகச் சொல்வதல்ல. பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டத்தை நடத்தியது சுவிசேஷத்தைப் பரப்ப ஏற்பட்ட ஆங்கிலேய மிஷன் சங்கம். தன் அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரையே சூட்டுக்கோலால் பொறித்தது. நாம் உருகிப் பாடும் 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டன், 1748-இல் மனந்திரும்பிய பிறகும் 1754 வரை அடிமைக் கப்பலில் போய்வந்தவர். அந்த வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதியது 1788-இல்தான். அந்த இடைவெளியை யோசித்துப் பார். ஒரு கிறிஸ்தவ நாவலாசிரியைக்கு அதைவிடப் பெரிய சுரங்கம் ஏது?

கடைசி அத்தியாயமாக நீ குறிப்பில் எழுதியிருக்கும் ஞானஸ்நானத்தையும் எடுத்துவிடு. வருத்தமாகத்தான் இருக்கும். மீட்கப்பட்டவர் நன்றிக்காக முழங்காற்படியிட்டால், அவர் கணக்கில் நாமும் ஒரு முன்பணம் ஏற்றிவிட்டோம் என்றாகும். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் 'ரெட் டீ' எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்தது, வாங்கிப் படி. அதிலும் மேஸ்திரி உண்டு, முன்பணம் உண்டு, மலையை விட்டு இறங்க முடியாத குடும்பங்கள் உண்டு. எழுதியவர் கிறிஸ்தவர். அதைத் தழுவி பாலா 'பரதேசி' எடுத்தபோது, படத்தில் வரும் கிறிஸ்தவ மருத்துவர் மதம் மாற்றுவதிலேயே குறியாக இருந்தார். நம்மவர்கள் பலருக்கு அது வருத்தம். ஆனால் வெளியே நம்மைப் பற்றி அப்படியொரு எண்ணம் இருப்பதை அந்தப் படம் காட்டியது. உன் கடைசி அத்தியாயம் அதற்கு இன்னொரு சாட்சியாக வேண்டாம். விசுவாசத்தை உன் வாலிபர்களின் பயத்துக்குள், அவர்களுக்குள் வரும் சண்டைக்குள் வை.

அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்பாய். யாத்திராகமத்தில் கடல் பிளப்பது ஒரே அத்தியாயம், வனாந்தரம் நாற்பது வருஷம். எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுத அந்த ஜனங்கள்தான் உனக்குக் கிடைத்திருக்கிற நிஜமான பாத்திரங்கள். மீட்கப்பட்டவர்களின் வனாந்தரம் இதுதான்: விசாரணை முடிந்து விடுதலைச் சான்றிதழ் கிடைத்தபின் உடனடி உதவியாக வருவது 30,000 ரூபாய் வரை. ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு 3 லட்சம் என்று திட்டம் உண்டு. ஆனால் முழுத் தொகைக்கு வழக்கு முடிய வேண்டும். அதுவரை அடுப்பெரிய வேண்டுமே? பழைய மேஸ்திரி மறுபடி வந்து, "பழசை மறந்துடு, இந்தா அம்பதாயிரம்" என்று நீட்டுகிறார். மீட்கப்பட்டவர் அதை வாங்குவாரா, மாட்டாரா? நாவலின் பதற்றத்தை அங்கே கொண்டுபோய் வை. திருவள்ளூர் மாவட்டம் மெய்யூரில் முன்பு கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்கள் மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு 'சிறகு' என்று தாங்களே ஒரு செங்கல் சூளை தொடங்கினார்கள். எந்த வேலையில் அடிமைப்பட்டார்களோ அதே வேலைக்கு முதலாளிகளாக! அனுமதி கிடைத்தால் அவர்களைப் போய்ப் பார். போட்டோ எடுக்காதே, கல் விற்கிற கணக்கைப் பற்றிக் கேள்.

சில்லறைத் திருத்தங்கள்: உலகத்தில் நவீன அடிமைத்தனத்தில் 4.96 கோடிப் பேர் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சொன்ன 2021-ஆம் ஆண்டுக் கணக்கை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறாய். அதில் 2.2 கோடிப் பேர் கட்டாயத் திருமணத்தில் சிக்கியவர்கள், உன் கதைக்குச் சம்பந்தமில்லை. எண்ணை எடுத்துவிட்டு அந்தப் பையனின் பெயரோடு தொடங்கு. மூன்றாம் அத்தியாயத்தில் ஜூலை மாத இறுதியில் சூளை முழுவீச்சில் ஓடுகிறது. அது சீசன் முடிந்த நேரம், ஏப்ரலுக்கு மாற்று. லாரிக்கு அடியில் ஒளிகிற காட்சியை மட்டும் தொடாதே, பெரியம்மா சண்டைக்கு வருவாள்.

அடுத்த அத்தியாயங்களைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்பு. போனில் படித்தால் கண்ணில் நீர் வடிகிறது.

அன்புடன்,
பெரியப்பா