பழனி யாத்திரைக்குமுன் முழங்கால் சில்லைப் பேணுக

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்ட இந்நாளில், தைப்பூசத்திற்குப் பழனிக்குப் பாதயாத்திரை புறப்பட எண்ணியிருக்கும் அன்பர்கள், காவடிக்கும் பச்சை வேட்டிக்கும் ஏற்பாடு செய்வதோடு, முழங்கால்களுக்கும் இன்றே ஆயத்தம் செய்துகொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நாட்கணக்கில் நடப்போருள் பலர், முழங்காலின் முன்புறத்தில் சில்லைச் சுற்றி எழும் வலியால் வழியிலேயே அவதியுறுகிறார்கள். அவ்வேதனையில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

சில்லு என்பது, தொடையின் முன்தசை முடியும் நாணுக்குள் பொதிந்து, கால் மடங்கும்போதெல்லாம் தொடையெலும்பின் பள்ளத்தில் மேலும் கீழும் நழுவும் எலும்பாகும். கால் மடங்க மடங்க அதன்மேல் அழுத்தம் மிகுவதால், சமதரையில் நோகாத சில்லு படியிறங்கும்போதும், குந்தியிருந்து எழும்போதும் நோகிறது. ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டுத் திடீரென நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் நடக்கத் துணிவதே யாத்திரிகர்களிடம் முக்கிய காரணம். தொடை, இடுப்புத் தசைகளின் பலவீனமும் மிகுந்த தேகபாரமும் அதற்குத் துணைபோகின்றன. வயது முதிர்ந்தோர்க்குச் சில்லின் பின்புறக் குருத்தெலும்பு தேய்ந்திருத்தலும், ஓடியாடும் இளைஞர்க்குச் சில்லின் கீழ்நாண் புண்படுதலும் உண்டு.

ஆகையால் இன்றே தொடங்குக. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி ஊன்றி, மற்றதை முழங்கால் வளையாமல் ஒரு சாண் உயரம் தூக்கி, 5 எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, காலையும் மாலையும். ஒருக்களித்துப் படுத்து மேற்காலை உயர்த்துதல் இடுப்புத் தசைக்கு நன்மை தரும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகுமாதலால், புறப்படும் வாரத்தில் தொடங்குவதில் பிரயோஜனமில்லை. நடையையும் இப்போதே சிறுகச் சிறுகக் கூட்டி வருக.

வலி கண்டுவிட்டால், நடையை அறவே நிறுத்தாமல், வலி பொறுக்கும் அளவுக்குக் குறைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிஷம் வைத்தல் போதுமானது. இயன்முறை வைத்தியர் சில்லைத் தாங்கும்படி ஒட்டும் பட்டையும் பலருக்கு ஆறுதல் தருகிறது. தைலம் தடவலாம், ஆனால் காலை இழுத்து முறுக்கிச் சொடுக்கெடுக்க எவரையும் அனுமதிக்க வேண்டாம். உடன் நடப்பவர் அன்போடு நீட்டும் வலி மாத்திரையை, சிறுநீரகக் கோளாறு, குடற்புண், இரத்த அழுத்தம், இருதய நோய் உடையவர்கள் வைத்தியரைக் கேளாமல் விழுங்கலாகாது. அறுவைச் சிகிச்சை வெகு சிலருக்கே தேவைப்படும்.

விழுந்தபின் காலை நீட்டியபடி தூக்க இயலாவிடினும், முழங்கால் மடங்கியவாறே சிக்கிக்கொண்டாலும், வீக்கத்தோடு சிவப்பும் ஜுரமும் கண்டாலும், மேலும் ஓரடியும் நடவாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க. முறிவோ, நாண் அறுதலோ, மூட்டுக்குள் சீழோ இருக்கக்கூடும். விரதம் தடைப்படுமே என்று தாமதிப்பது காலையே பாழாக்கிவிடும்.

பழனி மலையை அடைந்தபின், சில்லை மிகவும் வருத்துவது ஏற்றத்தைவிட இறக்கமே. ஆதலால் வலியுள்ளவர்கள் படியேறித் தரிசித்துவிட்டு, விஞ்ச் எனும் இழுவை ரயிலில் இறங்குக. கூட்டத்தில் அது வாய்க்காவிட்டால், சரிவு குறைந்த யானைப்பாதையை நாடுக. படிவழியே இறங்க நேர்ந்தால், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நோவுள்ள காலை முதலில் கீழ்ப்படியில் வைத்து, நல்ல காலை அதனருகில் சேர்த்து, படிப்படியாக நிதானித்து வருக.