குளிர் அணு ஆய்வகத்துக்குக் கிளம்பும் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தூத்தூரிலும் இயற்பியல் படிக்கிற பிள்ளைகளில் சிலராவது லேசர் ஒளியால் அணுக்களைப் பிடித்து வைக்கும் ஆய்வகங்களுக்குப் போய் வேலை பழக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து வழங்கும் கோடைகால ஆய்வு உதவித்தொகை அதற்கு நல்ல வழி. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிறுவனம், மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பூனேயில் ஐசர், இந்தூரில் ராஜா ராமண்ணா மையம் என்று இடங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. பெரும்பாலும் பிடிபடுவது ருபிடியம் அணு. கோடிக்கணக்கில் பிடிப்பது ஒரு திறமை என்றால், ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிடிப்பது வேறொரு திறமை. எண்ணிக்கை குறையக் குறைய, அணுவைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அடக்கி வைக்கும் வேலை கூடிக்கொண்டே போகும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். அறை வெப்பத்தில் ருபிடியம் அணு வினாடிக்கு ஏறத்தாழ 290 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எதிரே வரும் 780 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றை விழுங்கினால் அதன் வேகம் வினாடிக்கு 6 மில்லிமீட்டர்தான் குறையும். அப்படியானால் அதை நிறுத்த 50,000 ஒளித்துகள் வேண்டும். வலுவான ஒளியில் அணு வினாடிக்கு 1.9 கோடி முறை ஒளியை விழுங்கி உமிழும் என்பதால், மூன்று மில்லிவினாடிக்குள் காரியம் முடிந்துவிடும். ஆனால் ஆவியிலிருந்து பொறியில் விழுவது வினாடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் போகிற மெதுவான அணுக்கள் மட்டுமே. ஏன் என்பதை டாப்ளர் விளைவை வைத்து நீங்களே கண்டுபிடித்துக்கொண்டு போங்கள். இந்தக் கணக்குக் கைவந்தவர் ஆய்வகத்தில் கேட்கும் முதல் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

காயில் சுற்றப் பழகுங்கள். ஊரில் மோட்டார் வைண்டிங் கடை இல்லாத தெரு குறைவு. எனாமல் பூசிய செம்புக் கம்பியை இழுவிசை மாறாமல், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் சுற்றத் தெரிந்த ஒருவரிடம் நாலு நாள் உட்காருங்கள். காந்த ஒளிப் பொறிக்கு, எதிரெதிர்த் திசையில் மின்னோட்டம் ஓடும் இரண்டு காயில்கள் வேண்டும். நடுவே புலம் பூஜ்யம். அங்கிருந்து விலக விலக சென்டிமீட்டருக்கு 10 காஸ் அளவில் ஏறும். ஒற்றை அணுவைப் பிடிக்க நூற்றுக்கணக்கான காஸ் ஏற்றம் வைப்பார்கள். சால்டரிங்கும் ஆசிலோஸ்கோப்பும் கூடவே பழகிக்கொள்ளுங்கள்.

பூமியின் காந்தப் புலத்தை ஊரிலேயே அளந்து எழுதி வையுங்கள். இது நமக்கென்று வாய்த்த பாடம். காந்த நடுக்கோடு நம் ஊருக்கு மிக அருகில் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதே அதனால்தான். அதற்கும் நூறாண்டுக்கு முன், நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், திருவனந்தபுரம் வானோக்கு நிலையத்தின் இயக்குநர் ஜான் ஆலன் புரூன் அகத்தியமலையில் காந்த அளவீட்டு நிலையம் ஒன்றை 1855இல் அமைத்தார். நம் ஊரில் புலம் ஏறக்குறைய தரைக்கு இணையாகக் கிடக்கிறது, அளவு 0.4 காஸ். எளிய லேசர் குளிர்விப்பு இறங்கக்கூடிய டாப்ளர் எல்லை ருபிடியத்துக்கு 146 மைக்ரோகெல்வின். அதற்கும் கீழே குளிர்விக்க வேண்டுமானால் இந்தச் சின்னப் புலத்தையும் ஈடுகட்டும் காயில்களால் அழித்தாக வேண்டும். பெங்களூரில் காந்த முள் நம் ஊரைவிடக் கொஞ்சம் கீழே சாயும். போனில் இருக்கும் காந்தமானியே இரண்டு ஊருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும்.

மேசைக்குப் பக்கத்தில் செய்யக்கூடாதவை

கண்ணை லேசர் கதிர் ஓடும் மேசை மட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கீழே விழுந்த திருகை எடுக்கக் குனிந்தாலும் கண்ணை மூடிக்கொண்டே குனியுங்கள், நிமிருங்கள். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் அதிகம். அதனால் இமை தானாக மூடிக் காப்பாற்றாது. அந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கதவைத் தாண்ட வேண்டாம். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் மூன்றையும் வெளியே கழற்றி வையுங்கள். பளபளக்கிற எதுவும் கதிரைத் திருப்பிவிடும்.

வெற்றிடக் கலத்தின் உட்பாகங்களை வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டால் போதாது, அதைப் போட்டபின் எதைத் தொட்டோம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையைத் தடவிய கையுறையும் வெறுங்கையும் ஒன்றுதான். உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போக வேண்டும். ஒரு கைரேகை அதைத் தடுத்துவிடும். பிறகு கலத்தைக் கழற்றித் துடைத்து, மறுபடி நாள்கணக்கில் சூடாக்கி, பம்ப் ஓட்ட வேண்டியதுதான். கலத்தின் இணைப்பில் ஒருமுறை இறுக்கிய செம்பு வளையத்தை மறுபடி போடவும் கூடாது.

லேசர் டையோடைக் காற்றின் பனிநிலைக்குக் கீழே குளிர்விக்காதீர்கள். ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளிர்ந்த டையோடின் மேல் அந்த ஈரம் படிந்தால் அதோடு அது போயிற்று. ஊர்க் கல்லூரி ஒன்றில் என்றாவது இந்த வேலை தொடங்கினால் முதலில் வாங்க வேண்டியது ஈரம் உறிஞ்சும் கருவி, அடுத்தது நல்ல யுபிஎஸ்.

லேசரை அணுவின் ஒத்ததிர்வுக்கு மேலே நிறுத்தாதீர்கள். ஒத்ததிர்வுக்குக் கொஞ்சம் கீழே, 12 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிறுத்தினால் குளிரும்; மேலே போனால் சூடாகும். ஒளியின் அதிர்வெண் 384 டெராஹெர்ட்ஸ். அதில் ஒரு மெகாஹெர்ட்ஸ் என்பது 38 கோடியில் ஒரு பங்கு. யாராவது கதவை அறைந்து சாத்தினாலே லேசரை அந்த அதிர்வெண்ணில் பிடித்து வைத்திருக்கும் பூட்டு விட்டுப்போகும். இரண்டாவது லேசரையும் மறக்க வேண்டாம். சில அணுக்கள் 6.8 கிகாஹெர்ட்ஸ் தள்ளியுள்ள கீழ்நிலையில் விழுந்து முதல் லேசரின் கண்ணில் படாமல் போய்விடும், அவற்றைத் திருப்பிக் கொண்டுவருவது அதுதான்.

ஒன்றிரண்டு அணுக்களை எண்ணும்போது

ருபிடியம் ஆவியைக் குறையுங்கள், காந்தப் புலத்தின் ஏற்றத்தைக் கூட்டுங்கள், பொறுத்திருங்கள். ஒளி உணரியில் வரும் கோடு வழவழப்பாக ஏறாமல் படிப்படியாக ஏறி இறங்கத் தொடங்கும். ஒரு படி ஒரு அணு. 1994இல் ஹூ, கிம்பிள் என்ற இயற்பியலாளர்கள் இப்படித்தான் ஒற்றை அணுவைக் கண்டார்கள். 2001இல் பிரான்சின் ஓர்சேயில் கிராஞ்சியே குழு ஒளியை ஒரு மைக்ரான் அளவுக்குக் குவித்துப் பொறி அமைத்தது. அவ்வளவு சிறிய இடத்தில் இரண்டு அணு சேர்ந்தால் ஒளியில் மோதிக்கொண்டு இரண்டுமே வெளியேறிவிடும். ஆக, இருந்தால் ஒன்று, இல்லையென்றால் ஒன்றுமில்லை. ஏறத்தாழ பாதித் தடவை பொறி காலியாகத்தான் இருக்கும்.

மக்களே, அந்தக் காலித் தடவைகளை நோட்டிலிருந்து விட்டுவிடாதீர்கள். இதை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். ஒளித்துகள் எண்ணிக்கையை வரைபடமாக இட்டால் இரண்டு மேடுகள் வரும். ஒன்று பின்னணி ஒளி, மற்றது அணு. இரண்டுக்கும் நடுவே எல்லையை எங்கே வைப்பது என்பதைச் சோதனை ஓட்டத்திலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். பிடித்த முடிவு வருகிற மாதிரி எல்லையைப் பிறகு நகர்த்தக் கூடாது. அழகாக வந்த ஒரு கோட்டை மட்டும் காட்டி மற்றதை மறைக்கவும் கூடாது. சராசரியை மட்டும் எழுதினால் 0.5 அணு என்று வரும். அரை அணு எந்தப் பொறியிலும் இல்லை.

எதிர்பார்த்த எண் வரவில்லை என்பதற்காக அளவீட்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். சோடியம் அணுவின் டாப்ளர் எல்லை 240 மைக்ரோகெல்வின். 1988இல் வில்லியம் ஃபிலிப்ஸ் குழு அளந்தபோது 40 அளவில் வந்தது. அவர்கள் வேறு வேறு முறையில் திரும்பத் திரும்ப அளந்தார்கள், எண் நின்றது. அதற்கான விளக்கத்தைக் கோஹன் தனூஜியும் தலிபாரும் ஒரு பக்கம், ஸ்டீவன் சூ குழு ஒரு பக்கம் கண்டுபிடித்தார்கள். ஃபிலிப்ஸ், சூ, கோஹன் தனூஜி மூவருக்கும் 1997இல் நோபல் பரிசு வந்தது.

வீட்டில் கேட்டால்

இதனால் என்ன பயன் என்று அப்பா அம்மா கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மிகைப்படுத்தாமல் சொல்லுங்கள். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு ஆழ்கடல் மீனவர்களுக்குக் கொடுக்கப்பட்ட, நம் நாட்டு வழிகாட்டும் அமைப்பான நாவிக்கின் கருவிகள் நம்பியிருக்கும் செயற்கைக்கோள்களில் இருப்பது ருபிடியம் கடிகாரம். 2023 மே 29 அன்று ஏவிய என்விஎஸ் 01 செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த கடிகாரம் போயிற்று. அது குளிர் அணு அல்ல, கலத்துக்குள் இருக்கும் வெதுவெதுப்பான ஆவி. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லாதீர்கள். குளிர் அணுக்களை வைத்து இயங்கும் சீசியம் ஊற்றுக் கடிகாரம் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. ஒற்றை அணுக்களை வரிசையாக நிறுத்திக் குவாண்டம் கணினி செய்யும் முயற்சி உலகமெங்கும் நடக்கிறது. 2023இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒதுக்கியது 6,003.65 கோடி ரூபாய். அதன் நான்கு மையங்களில் ஒன்று சென்னை ஐஐடியில்.

திரும்பும் முன் லேசரின் மின்னோட்டம், வெப்பநிலை, காயிலின் மின்னோட்டம், கலத்தின் அழுத்தம் எல்லாவற்றையும் தேதியோடு நோட்டில் எழுதி, அடுத்து வருபவரிடம் நேரில் காட்டிக் கொடுங்கள். நோட்டு ஆய்வகத்துக்கு உரியது. உங்களுக்குப் பிரதி வேண்டுமென்றால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.