ஷெல்லுக்கு வயது போவதில்லை

ஷெல் என்றால் என்ன என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. கூவிக்கொண்டு வரும் சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கம் போகிறது, பங்கருக்குள் இறங்க நேரம் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்கப் பழகியவர்கள் நீங்கள். ஆனால் விழுந்தும் வெடிக்காமல் மண்ணுக்குள் போன ஷெல்லின் கதை வேறு. வளவு துப்புரவாக்கும்போது தேவைப்படுவது அந்தக் கதைதான். "இவ்வளவு காலம் மழையிலும் வெயிலிலும் கிடந்தது, இனி என்ன செய்யப் போகுது?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் ஷெல் செய்யப்பட்டிருக்கும் விதத்திலேயே இருக்கிறது.

உலகில் மிக அதிகமாகப் பயன்பட்ட ஆட்லறி ஷெல்களில் ஒன்றான 122 மில்லிமீற்றர் ஷெல்லை எடுத்துக்கொள்வோம். இலங்கை யுத்தத்திலும் பயன்பட்டது இது. 122 என்ற எண் பழைய ரஷ்யாவின் அளவு முறையிலிருந்து வந்தது. பீரங்கிக் குழலின் வாயை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்காக அங்கே அளந்தார்கள். அப்படி 48 பங்கு, அதாவது 4.8 அங்குலம், ஏறத்தாழ 122 மில்லிமீற்றர். 1938 இல் சோவியத் ஒன்றியம் இந்த அளவில் ஒரு பீரங்கியைச் செய்தது. 1950களில் சீனா அதைப் பார்த்துத் தானும் செய்தது. 1960களில் சோவியத் இன்னொரு புதிய பீரங்கியைக் கொண்டுவந்தது. குழல்கள் மாறினாலும் ஷெல் பெரிதாக மாறவில்லை. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடிய நீளம், ஏறத்தாழ 22 கிலோ நிறை. அதில் வெடிமருந்து மூன்றரைக் கிலோ அளவுதான், மீதி பெரும்பாலும் உருக்கு. வெடிக்கும்போது அந்த உருக்குத்தான் துண்டு துண்டாகச் சிதறிப் பல நூறு மீற்றர் தூரம் பறக்கிறது.

உள்ளே இருக்கும் மருந்து ரி.என்.ரி. 1863 இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் யூலியஸ் வில்பிராண்ட் இதை முதலில் தயாரித்தபோது மஞ்சள் சாயமாகத்தான் பயன்பட்டது. இலேசில் வெடிக்காத பொருள் என்பதால் வெடிமருந்து என்று கண்டுகொள்ளவே பல வருடங்கள் பிடித்தன. 1902 அளவில் ஜேர்மன் படையினர் இதை ஷெல்களுக்குள் ஊற்றத் தொடங்கினார்கள். "ஊற்றுதல்" என்று சொல்வது சரியான சொல்தான். ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் மெழுகைப்போல உருகும், உருக்குக் கூட்டுக்குள் ஊற்றினால் இறுகிவிடும். தண்ணீரை உறிஞ்சாது, இரும்போடு சேர்ந்து கெட்டுப்போகாது. களஞ்சியத்தில் பல பத்தாண்டுகள் வைத்திருந்து எடுத்தாலும் அப்படியே வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே இதைத் தெரிவு செய்தார்கள். படைகளுக்கு வசதியான அந்தக் குணம் உங்கள் வளவில் ஆபத்தாக மாறுகிறது. துருப்பிடிப்பது வெளியே உள்ள உருக்கு மட்டும். மருந்து நேற்று ஊற்றியதுபோல இருக்கும்.

அடுத்தது பியூஸ், அதாவது ஷெல்லின் மூக்கில் திருகியிருக்கும் பகுதி. களஞ்சியத்தில் இருக்கும் ஷெல் கைதவறி விழுந்தாலும் வெடிக்காதபடி பியூசுக்குள் பூட்டுகள் இருக்கின்றன. பீரங்கி சுடும்போது ஏற்படும் பெரும் உதைப்பும், பறக்கும்போது ஷெல் சுழலும் வேகமும் அந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகின்றன. நிலத்தில் மோதியதும் ஊசி போய்க் குத்த வேண்டும், வெடிக்க வேண்டும். ஆனால் சேற்று வயலிலோ மணலிலோ களப்புத் தண்ணீரிலோ விழுந்தால், பனையில் பட்டுச் சரிந்து விழுந்தால், சில வேளைகளில் ஊசி போய்க் குத்துவதில்லை. பியூசில் குறை இருந்தாலும் அப்படித்தான். ஆக, உங்கள் காணியில் கிடப்பது பூட்டு எல்லாம் கழன்ற ஷெல். களஞ்சியத்தில் இருந்ததைவிட இப்போதுதான் அது கூடுதல் ஆபத்தானது. ஊசி எந்த நிலையில் நிற்கிறது என்பதை வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இராணுவத்தில் இருந்தவர், இயக்கத்தில் இருந்தவர், "எனக்கு இதெல்லாம் பழக்கம்" என்று சொல்லுபவர், யாராக இருந்தாலும் சரி.

வாலில் இறக்கைகள் உள்ள மோட்டார் ஷெல்களுக்கும் இது பொருந்தும். 60, 81 மில்லிமீற்றர் மோட்டார் ஷெல்கள் சிறியவை, கையில் தூக்கக்கூடியவை. பிள்ளைகள் எடுத்து விளையாடக்கூடிய அளவு என்பதால் அவற்றுக்கு நாங்கள் கூடுதலாகப் பயப்படுகிறோம்.

காலம் போனால் ஆபத்துப் போய்விடும் என்பதற்கு எதிரான சாட்சி ஐரோப்பாவில் இருக்கிறது. முதலாம் உலக யுத்தத்தில், 1916 ஜூன் கடைசியில், பிரான்சின் சோம் பகுதியில் பிரித்தானியப் படை ஒரு வாரத்தில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஷெல்களை ஏவியது. அவற்றில் பெருந்தொகை வெடிக்கவில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கமக்காரர்கள் இன்றும் உழும்போது ஷெல் கிளம்புகிறது. அதை அங்கே "இரும்பு அறுவடை" என்றே சொல்லுகிறார்கள். 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் கட்டட வேலை செய்த இருவர் அந்த யுத்தத்தின் ஷெல் வெடித்து இறந்தார்கள். ஏறத்தாழ நூறு வருடம் கிடந்த ஷெல் அது. (அங்கே சில கமக்காரர்கள் கிடைத்த ஷெல்லைத் தூக்கி வீதியோரம் வைத்துவிடும் வழக்கமும் உண்டு. அது பின்பற்ற வேண்டிய பழக்கம் அல்ல.)

இனி உங்கள் வளவுக்கு வருவோம். திரும்பி வந்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை பற்றை வெட்டிக் குவித்துக் கொளுத்துவது. எங்களுக்கு அதிகம் பயம் தருவது இந்த நெருப்புத்தான். நிலத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் ஷெல் கிடந்தால் மேலே எதுவும் தெரியாது. சூடு பியூசைப் போய்ச் சேர்ந்தால் ஷெல் வெடிக்கும். 2016 ஜூன் 5 அன்று கொஸ்கம சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியத்தில் தீப்பிடித்தபோது ஷெல்கள் வெடித்துச் சுற்றியுள்ள வீடுகளின்மேல் போய் விழுந்தன, ஊர்ச் சனம் இடம்பெயர வேண்டி வந்தது. யுத்தம் நடக்காத ஊர், நல்ல நிலையில் அடுக்கி வைத்த ஷெல்கள், ஆனாலும் நெருப்புப் பட்டதும் அப்படி ஆகிவிட்டது. ஆகவே வெட்டிய பற்றையை உடனே கொளுத்த வேண்டாம். வெடிபொருள் அகற்றும் குழு பார்த்துத் தந்த இடத்தில், திறந்த நிலத்தில் குவித்து வையுங்கள்.

கிணறு இன்னொரு இடம். தூர்ந்துபோன கிணறுகளுக்குள் ஷெல்லும் வேறு வெடிபொருட்களும் கிடக்கக்கூடும். சேறு வாருவதற்கு ஆள் இறங்க முன்னர் குழுவுக்கு அறிவியுங்கள். பழைய பங்கரைக் கிளறி மரக்குற்றியோ தகரமோ எடுப்பதும் அப்படித்தான். காணியைத் துப்புரவாக்கிக் கையளித்துவிட்டார்கள் என்றாலும் குறித்த ஓர் ஆழம் வரைதான் தேடியிருப்பார்கள். ஷெல் அதைவிட ஆழமாகப் போகக்கூடியது. மலசலகூடக் குழி, அத்திவாரம், புதுக் கிணறு வெட்டும்போது அலவாங்கு இரும்பில் பட்ட சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பழைய இரும்பைப் பற்றியும் ஒளிக்காமல் பேசலாம். ஷெல்லின் அடிப்பகுதியில் ஒரு செம்பு வளையம் இருக்கும். செம்புக்கு என்ன விலை என்று எங்களுக்கும் தெரியும், வருமானம் இல்லாத வீட்டில் அந்தக் காசு எவ்வளவு பெரிது என்றும் தெரியும். ஆனால் அந்த வளையத்தைக் கழற்றச் சுத்தியலால் அடிக்கும் ஒவ்வோர் அடியும் பூட்டுக் கழன்ற பியூசையும் சேர்த்துத்தான் அசைக்கிறது. மீன்பிடிக்கு மருந்து எடுப்பதற்காக ஷெல்லை அறுப்பதும் இதே வேலைதான். இரும்பு வாங்க வருபவர் "இது வெறும் கோது" என்று சொன்னால் நம்பவேண்டாம். அவர் நிறுத்துப் பார்த்துக் காசு தந்துவிட்டுப் போய்விடுவார், அறுக்கும்போது பக்கத்தில் நிற்பது உங்கள் பிள்ளையாக இருக்கக்கூடும்.

ஷெல்லோ ஷெல்போன்ற இரும்போ கண்ணில் பட்டால் கிட்டப் போகவேண்டாம். தொடுவது, தடியால் தட்டுவது, கிணற்றுக்குள் போடுவது, ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் வைப்பது எதுவும் வேண்டாம். வந்த பாதையாலேயே, உங்கள் காலடித் தடத்தைப் பார்த்துத் திரும்புங்கள். தூரத்தில், நீங்கள் நடந்து வந்த பாதையோரம் உள்ள வேலியிலோ மரத்திலோ ஒரு துணியைக் கட்டுங்கள். நிலத்தில் தடி ஊன்ற வேண்டாம். பிறகு கிராம அலுவலருக்கோ உங்கள் பகுதியில் வேலை செய்யும் வெடிபொருள் அகற்றும் குழுவுக்கோ அறிவியுங்கள். இரவு நேரமென்றால், அல்லது அவர்களைப் பிடிக்க முடியாவிட்டால், பொலிஸ் அவசர இலக்கம் 119. எந்த வளவு, பக்கத்தில் கோயிலா பாடசாலையா, எவ்வளவு பெரிது, எப்போது கண்டீர்கள் என்று சொன்னால் போதும். படம் எடுப்பதற்காகத் திரும்பவும் போகவேண்டாம்.

அறிவித்தால் காணியைப் பறித்துக்கொள்வார்கள், அல்லது விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். கிடந்ததைக் கண்டு அறிவிப்பது குற்றமல்ல. தனியாகப் போய்ச் சொல்லத் தயக்கமாக இருந்தால் கிராம அபிவிருத்திச் சங்கத்தையோ எங்கள் கள உத்தியோகத்தரையோ கூட்டிக்கொண்டு போகலாம். அகற்றும் குழுவினர் அநேகமாக ஷெல்லைக் கிடந்த இடத்திலேயே வைத்து வெடிக்கச் செய்வார்கள். முன்கூட்டியே வந்து சொல்லுவார்கள். அப்போது சொன்ன தூரத்துக்கு விலகி நிற்க வேண்டும், ஆடுமாடுகளையும் அவிழ்த்துக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் பயந்து அழக்கூடும். என்ன நடக்கப்போகிறது என்று அவர்களுக்கு முதலே சொல்லிவையுங்கள்.